பிரஷர் மாத்திரையை நிறுத்த நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

“ஒரு வருஷமா பிரஷர் நார்மலாத்தான் இருக்கு டாக்டர். இன்னும் எதுக்கு மாத்திரை?”

ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் ஏறக்குறைய எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியே அறுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரி: “இது காலம் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை.” பலருக்கு அது உண்மை. சிலருக்கு உண்மையில்லை. யாருக்கு எது என்று விளக்க நேரமில்லாததால், கேட்டவர் வீட்டுக்கு வந்து தானாகவே நிறுத்திப் பார்க்கிறார். நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை என்றதும் “பாத்தியா, மாத்திரையே தேவையில்ல” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்.

அந்த நான்கு நாள் கணக்கில்தான் சிக்கல் இருக்கிறது. சில மாத்திரைகளை நிறுத்தினால் முதல் நான்கு நாள்தான் உயிருக்கே ஆபத்தான நேரம். வேறு சில மாத்திரைகளுக்கு நான்கு நாளில் எதுவுமே தெரியாது. நான்கு மாதம் கழித்துத் தெரியும், அதுவும் அளந்து பார்த்தால் மட்டும். ‘பிரஷர் மாத்திரை’ என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுபவை வெவ்வேறு இடத்தில் வேலை செய்து, வெவ்வேறு வேகத்தில் உடலை விட்டுப் போகும் மருந்துகள். அதனால் நிறுத்தும் முறையும் மருந்துக்கு மருந்து மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் கைவிடக் கூடாது. உங்கள் இதயம், சிறுநீரகம், பழைய நோய்கள் எல்லாம் தெரிந்த மருத்துவரோடு சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. அவரிடம் போகும்போது சரியான கேள்விகளோடு போகவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மாத்திரை அட்டையின் பின்பக்கம், கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும். அது அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், கார்வெடிலால் என்று ‘லால்’ ஓசையில் முடிந்தால், அது பீட்டா பிளாக்கர் வகை. இந்த வகையை ஒருநாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

காரணம் இதுதான். பயத்திலோ ஓடும்போதோ சுரக்கும் அட்ரினலின், இதயத் தசையில் உள்ள சில ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு துடிப்பை வேகப்படுத்தும். பீட்டா பிளாக்கர் அந்த ஏற்பிகளில் முன்கூட்டியே போய் இடம்பிடித்துக்கொள்கிறது. இதயம் நிதானமாகத் துடிக்கிறது, அழுத்தம் குறைகிறது. ஆனால் மாதக்கணக்கில் இப்படி மறிக்கப்பட்டிருந்தால் உடல் சும்மா இருப்பதில்லை. அட்ரினலினின் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று எண்ணி ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், முன்பைவிட அதிக ஏற்பிகள் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை வரும், பிரஷர் ஏறும். இதய ரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

ப்ரோப்ரனோலாலைச் சட்டென்று நிறுத்திய இதய நோயாளிகளுக்கு இப்படி நடந்ததை 1970களின் நடுவிலேயே மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இன்றும் அமெரிக்காவில் அட்டெனோலாலின் மருந்துத் தாளில் இதற்கென்று கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கிறது. அதில் ஒரு வரி முக்கியமானது. இதய அடைப்பு பலருக்கும் கண்டுபிடிக்கப்படாமலேயே இருப்பதால், பிரஷருக்காக மட்டும் இந்த மருந்தை எடுப்பவர்களும் திடீரென்று நிறுத்தாமல் இருப்பதே நல்லது என்கிறது. குறைந்தது ஒன்று இரண்டு வாரம் எடுத்து, படிப்படியாக அளவைக் குறைத்து, அந்த நாட்களில் கடுமையான உடலுழைப்பைத் தவிர்த்துத்தான் இதிலிருந்து வெளியே வரவேண்டும். வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்குச் சில மருத்துவர்கள் அதைவிட மெதுவாகவே குறைப்பார்கள்.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அம்லோடிபினும் அட்டெனோலாலும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை இங்கே பல வருடங்களாகப் பரவலாக விற்கிறது. சாப்பிடுபவருக்குத் தான் பீட்டா பிளாக்கர் எடுப்பதே தெரியாது. “ஒரே ஒரு மாத்திரைதான், சின்ன டோஸ்தான்” என்பார். அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பீட்டா பிளாக்கரைவிடக் கறாரான மருந்து ஒன்று உண்டு: குளோனிடின். வேறு மருந்துகளுக்கு அடங்காத பிரஷருக்கு, குறிப்பாக சிறுநீரக நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் கொடுப்பார்கள். மூளையிலிருந்து கிளம்பும் நரம்புத் தூண்டலையே இது அடக்கி வைக்கிறது. இதை நிறுத்தினால், சில சமயம் இரண்டு மூன்று வேளை தவறினாலே, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அடங்கியிருந்த தூண்டல் மொத்தமாகப் பீறிட்டுக் கிளம்பும். தலைவலி, வியர்வை, நிலைகொள்ளாத பதற்றம் எல்லாம் சேர்ந்து, மருந்து தொடங்குவதற்கு முன் இருந்ததையும் தாண்டிப் பிரஷர் ஏறலாம். குளோனிடினையும் பீட்டா பிளாக்கரையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு வரிசையே முக்கியம். முதலில் பீட்டா பிளாக்கரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, சில நாள் விட்டு, அப்புறம்தான் குளோனிடினில் கை வைக்கவேண்டும். மாற்றிச் செய்தால் எகிறல் இன்னும் மோசமாகும்.

“மாத்திரைக்கு உடம்பு அடிமையாயிடுச்சு” என்று இதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். போதைக்கு அடிமையாவது போன்றதல்ல இது. உடல் ஒரு நிலைக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது; திரும்பிவர அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், அவ்வளவுதான்.

முடிவெடுத்து நிறுத்துகிறவர்களைவிட, தெரியாமலேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது அட்டை பையில் ஏறவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னதால் காலை மாத்திரையும் விட்டுப்போனது. பஸ் கிடைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் நாள் தள்ளிப்போனது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருவதால் இந்த இடைவெளி ஓரளவு அடைபடுகிறது. ஆனாலும் ‘லால்’ வகையோ குளோனிடினோ எடுப்பவர் வீட்டில் எப்போதும் பத்து நாளைக்கான மாத்திரை கூடுதலாக இருப்பது நல்லது. ஆபரேஷன் என்றால் எந்த மாத்திரையை அன்று காலை விடவேண்டும், எதை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கவேண்டும் என்று மயக்க மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

சத்தமில்லாமல் ஏறுபவை

அம்லோடிபின், டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனாலாப்ரில் போன்றவற்றை நிறுத்தினால் இப்படிப் பெரிய எகிறல் பொதுவாக வருவதில்லை. உடலில் உள்ள அம்லோடிபினின் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். முழுதாக வெளியேற ஒரு வாரத்துக்கு மேல். ஆக, நிறுத்திய நான்காம் நாள் பிரஷர் நார்மல் என்றால், உள்ளே மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தியது பலித்துவிட்டது என்று ஆகாது.

அதற்குப் பிறகு அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். வாரங்களில், சிலருக்கு மாதங்களில். தலை வலிக்காது, மயக்கம் வராது. “எனக்கு ஏறினா உடனே தெரிஞ்சிடும்” என்று உறுதியாகச் சொல்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தெரியாது. முன்பு எந்த அறிகுறியும் இல்லாமல்தானே இந்த நோயே வந்தது, திரும்பி வரும்போதும் அப்படித்தான் வரும்.

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகளை நிறுத்தினால் உடல் உப்பையும் நீரையும் திரும்பப் பிடித்துவைக்கும். கால் வீங்கும், எடை கூடும். சில நாளிலேயே இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். வெரபமில், டில்டியசெம் எடுப்பவர்களுக்கு நெஞ்சுவலி நோய் இருந்தால் அவற்றையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

எதற்காகக் கொடுத்தார்கள்?

பிரஷர் மாத்திரை என்று நீங்கள் நினைப்பது வேறொரு காரணத்துக்காகக் கொடுத்ததாக இருக்கலாம். சர்க்கரை நோயால் சிறுநீரில் புரதம் போகும் ஒருவருக்கு டெல்மிசார்டனோ ராமிப்ரிலோ கொடுப்பது முதன்மையாகச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற. “பிரஷர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்” என்று பயந்து அதை நிறுத்துகிறவர், எதற்குப் பயப்படுகிறாரோ அதையே தேடிப் போகிறார். மாரடைப்பு வந்தவருக்கு மெட்டோப்ரோலால் கொடுத்தது இதயத்துக்காக. ப்ரோப்ரனோலால் ஒற்றைத் தலைவலிக்காக இருக்கலாம், கை நடுக்கத்துக்காக இருக்கலாம், கல்லீரல் சுருக்க நோயில் உணவுக்குழாய் ரத்தக் குழாய்கள் வெடிக்காமல் தடுக்கவும் இருக்கலாம். அவர்களின் பிரஷர் அளவை மட்டும் பார்த்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

இதயத் தசை பலவீனமாகி, மருந்தால் தேறி, எக்கோ என்ற இதய ஸ்கேனில் எல்லாம் சரியாகத் தெரிகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சிரைப்பு கிடையாது, வேலைக்குப் போகிறார்கள், பிறகு எதற்கு மாத்திரை? இதே கேள்வியைப் பிரிட்டனில் ஒரு சிறிய ஆய்வாகவே செய்து பார்த்தார்கள், 2019இல் வெளியானது. நன்றாகத் தேறியவர்களைத் தேர்ந்தெடுத்து, கண்காணிப்போடு, படிப்படியாக மருந்துகளை நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு இதயம் மீண்டும் பலவீனமானது. குணமாகிவிட்டது என்று தெரிந்தது பலருக்கு மருந்தின் தயவில் கிடைத்த ஓய்வு மட்டுமே. இதயத் தசை நோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரக பாதிப்பு இவற்றில் ஏதாவது உங்கள் கோப்பில் இருந்தால், நிறுத்தும் பேச்சை எடுக்கும் முன் அந்தக் கோப்பையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

உண்மையிலேயே நிறுத்த முடிந்தவர்கள்

இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது, கற்பனை இல்லை. மருந்து தொடங்கும்போதே அழுத்தம் கொஞ்சம்தான் கூடியிருந்தது, ஒரே மாத்திரை, குறைந்த டோஸ், ஒரு வருடத்துக்கு மேல் கட்டுப்பாடு, இதயமோ சிறுநீரகமோ கண்ணோ கெடவில்லை, இடையில் எடையும் உப்பும் குறைந்திருக்கின்றன. இப்படிப்பட்டவருக்கு வாய்ப்பு அதிகம்.

சிகாகோவில் நான்கு வருடம் நடந்து 1987இல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்தி எடை, உப்பு, மது மூன்றையும் குறைத்த குழுவில் 39 சதவீதம் பேர் நான்காம் வருட முடிவிலும் மாத்திரையில்லாமல் நார்மலாக இருந்தார்கள். எதையும் மாற்றாமல் வெறுமனே நிறுத்தியவர்களில் அப்படி இருந்தவர்கள் 5 சதவீதம் மட்டுமே. 1998இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு 60 முதல் 80 வயது வரையிலான 975 பேரைப் பற்றியது. எல்லோரும் பிரஷருக்கு ஒரே மருந்தில் இருந்தவர்கள். ஏறத்தாழ மூன்று மாதம் உணவுப் பழக்கத்தை மாற்றிய பிறகுதான் மாத்திரையையே குறைக்கத் தொடங்கினார்கள். உடல் பருமன் உள்ளவர்களில் உப்பு, எடை இரண்டையும் குறைத்தவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் இரண்டரை வருடம் வரை மருந்தில்லாமல் சமாளித்தார்கள். பழைய வழக்கத்திலேயே இருந்தவர்களில் இது 16 சதவீதம்.

இந்த எண்களில் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. மாத்திரை விட்டுப்போகும் இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்காரவேண்டும். காலியாக விட்டால் பிரஷர்தான் வந்து உட்காரும். அடுத்து, எல்லாம் சரியாகச் செய்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் மாத்திரைக்குத் திரும்பினார்கள். திரும்பியதற்கு அவர்கள் சோம்பேறிகள் என்று பொருளில்லை. பரம்பரையும் வயதோடு விறைத்துப்போகும் ரத்தக் குழாய்களும் யார் கையிலும் இல்லை.

வரிசையும் கவனிக்கத் தக்கது. முதலில் உணவு, எடை, அப்புறம்தான் மாத்திரை. நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிட்டு, நடைப்பயிற்சியை அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவைக்கிறோம்.

உப்பு விஷயத்தில் நம் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, வடகம் இவையே அந்தக் கணக்கைத் தின்றுவிடும். சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டுத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைத்தால் பயனில்லை. இந்துப்பு நல்லது என்று பலர் மாறியிருக்கிறார்கள். இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், பிரஷரைப் பொறுத்தவரை அது உப்புதான். கடையில் கிடைக்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ உண்மையிலேயே உதவக்கூடியது. ஆனால் அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பிரஷரை ஏற்றிவிடும் வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் டைகுளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள், சத்தமான குறட்டையோடு வரும் மூச்சுத் தடை இவையெல்லாம் அழுத்தத்தை ஏற்றும். அதிமதுரமும் ஏற்றும் என்றால் பலர் நம்புவதில்லை. தொண்டைக்கு இதம் என்று தினமும் கஷாயமாகக் குடித்துவந்தால் அது உடலில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பிரஷர் ஏறும். இவற்றைச் சரிசெய்த பிறகு மாத்திரை தானாகவே மிகையாகிவிடுபவர்களும் உண்டு.

கர்ப்ப காலத்தில் வந்த பிரஷரும் தனி வகை. குழந்தை பிறந்த பின் பெரும்பாலும் சில வாரங்களில், பொதுவாக 12 வாரத்துக்குள், அது இறங்கிவிடும். மாத்திரையையும் அதற்கேற்பக் குறைப்பார்கள். ஆனால் பிரசவமான முதல் வாரத்தில் அழுத்தம் சில நாள் ஏறி நிற்பது உண்டு. “குழந்தை பொறந்தாச்சு, இனி எதுக்கு” என்று அந்த வாரத்தில் நிறுத்துவது மிகவும் தவறு. பிரஷர் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் பெண் கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லவேண்டும். ராமிப்ரில், எனாலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகைகள் கருவுக்கு ஆபத்தானவை என்பதால், கர்ப்பத்துக்கு ஏற்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

மாத்திரைக்குப் பதிலாக மூலிகை எடுக்கலாமா என்பார்கள். பாம்பேயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் சர்ப்பகந்தி வேர் பிரஷரைக் குறைப்பதை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகமே அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் பல வருடம் முக்கியமான மருந்தாக இருந்தது; மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளோடும் சேர்த்துத்தான். மூலிகையில் உண்மையிலேயே வீரியம் இருந்தால் அதுவும் மருந்துதான். அதற்கும் அளவு வேண்டும், கண்காணிப்பு வேண்டும். வீரியம் இல்லையென்றால் நீங்கள் எந்த மருந்தும் எடுக்கவில்லை. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க பிரஷர் கருவியைத் தவிர வேறு வழியில்லை.

பெரியவர்கள் விஷயம்

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான். நிறுத்தக் கூடாத நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். குறைத்தே ஆகவேண்டிய எண்பது வயதுக்காரர்களுக்கோ யாரும் குறைப்பதில்லை. அறுபது வயதில், எழுபது கிலோ எடையில் எழுதிக் கொடுத்த சீட்டு, இப்போது நாற்பத்தெட்டு கிலோவாக ஒடுங்கிப்போன உடம்புக்கும் அப்படியே தொடர்கிறது. இடையில் புரோஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை சேர்ந்திருக்கும், அதுவும் பிரஷரை இறக்கும். சாப்பாடு குறைந்திருக்கும், தண்ணீர் குடிப்பதும் குறைந்திருக்கும். நள்ளிரவில் பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டும். விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவு. அதற்குப் பிறகு பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளக்கவேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த அளவை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எழுந்தால் கிறுகிறுக்கிறது என்று பெரியவர் சொன்னால், “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று கடந்துபோகாதீர்கள்.

குறைப்பது பாதுகாப்பானதா? இங்கிலாந்தில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 569 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. இரண்டோ அதற்கு மேலோ பிரஷர் மருந்து எடுத்துக்கொண்டு, மேல் எண் 150க்குக் கீழே இருந்தவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு ஒரு மருந்தை மட்டும் நிறுத்தினார்கள். 12 வாரத்தின் முடிவில், குறைத்தவர்களில் 86.4 சதவீதமும் குறைக்காதவர்களில் 87.7 சதவீதமும் 150க்குக் கீழேயே இருந்தார்கள். சராசரியாக ஏறியது 3.4 புள்ளி மட்டும். குறைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நிறுத்திய மருந்துக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஆனால் 12 வாரம் என்பது குறுகிய காலம் என்பதை மறக்கக் கூடாது. 2025இல் பிரான்ஸிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. முதியோர் இல்லங்களில் இருந்த, உடல் நலிந்த, மேல் எண் 130க்குக் கீழே இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்தது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்ததால் இறப்பு கூடவில்லை. குறையவும் இல்லை. மூளை தெளிவாகும் என்ற நம்பிக்கையில் நெதர்லாந்தில் நிறுத்திப் பார்த்த ஆய்வில், 16 வாரத்தில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதனால் ‘மாத்திரையை நிறுத்தினால் அம்மா பழையபடி ஆகிவிடுவார்’ என்று எதிர்பார்க்க வேண்டாம். கிறுகிறுப்பு குறைகிறதா, விழாமல் நடக்கிறாரா என்பதே போதுமான இலக்கு. இன்னொன்றும் உண்டு. வருடக்கணக்கில் 150இல் நின்ற பிரஷர், எந்த முயற்சியும் இல்லாமல் 105க்கு வந்தால் சந்தோஷப்படும் முன் காரணத்தைத் தேடவேண்டும். இதயம் பலவீனமாவது, உள்ளே ரத்தக் கசிவு, புற்றுநோயால் இளைப்பது, ஹார்மோன் குறைவு என்று எதுவாகவும் இருக்கலாம்.

எப்படிச் செய்வார்கள்

மருத்துவர் ஒத்துக்கொண்டால், ஒரு நேரத்தில் ஒரு மருந்தைத்தான் குறைப்பார். பொதுவாக டோஸைப் பாதியாக்கி, இரண்டு முதல் நான்கு வாரம் பார்த்து, அப்புறம் அடுத்த படி. கால் வீக்கம், இருமல் போல எந்த மருந்தால் தொல்லையோ அதை முதலில் எடுப்பார். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை வீட்டில் நாமாக உடைக்கக் கூடாது; குறைந்த டோஸ் மாத்திரையாகவே எழுதி வாங்கவேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வாரம் வீட்டில் அளந்து வையுங்கள். காபியோ சிகரெட்டோ கடைசி அரை மணி நேரத்தில் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, வெறும் புஜத்தில் பட்டையைக் கட்டவேண்டும். காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுங்கள். வீட்டு அளவில் பொதுவான எல்லை 135/85. பெரியவர்களுக்கும் மற்ற நோய் உள்ளவர்களுக்கும் எல்லை வேறாக இருக்கும், அதை மருத்துவரிடம் எண்ணாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘ஏறினால் வாருங்கள்’ என்பது போதாது. எவ்வளவு ஏறினால், எத்தனை நாள் நின்றால் என்று தெரிய வேண்டும்.

இந்த ஒரு வார அளவு இன்னொரு வகையிலும் உதவும். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் ஏறும் பிரஷரை வைத்தே சிலருக்கு மாத்திரை தொடங்கியிருப்பார்கள். அது வீட்டு அளவில் தெரிந்துவிடும்.

குறைக்கும் நாட்களில் வாரம் சில முறை அளவு, அப்புறம் முதல் ஆறு மாதம் மாதத்துக்கு ஒரு வாரம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதற்கு முடிவுத் தேதி கிடையாது. அத்துடன் நம் ஊர்ப் பருவத்தையும் கணக்கில் எடுங்கள். வெயிலில் ரத்தக் குழாய்கள் விரியும், வியர்வையில் உப்பு போகும், பிரஷர் சில புள்ளி இறங்கியே இருக்கும். கத்திரி வெயிலில் நிறுத்தி நார்மல் என்று மகிழ்ந்தவருக்கு மார்கழிக் குளிரில் ஏறி நிற்கலாம். ஒரு சித்திரையும் ஒரு மார்கழியும் தாண்டாமல் நிறுத்தியது வெற்றி என்று நான் சொல்லமாட்டேன்.

வாந்தி, பேதி வந்து உடம்பு வறண்டுபோகும் நாட்களில் நீர் மாத்திரையையும் டெல்மிசார்டன், ராமிப்ரில் வகையையும் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு. இதைத் தொலைபேசியிலாவது மருத்துவரிடம் கேட்டுச் செய்து, சாப்பாடும் தண்ணீரும் சரியாகி ஒன்றிரண்டு நாளில் மறக்காமல் திரும்பத் தொடங்கவேண்டும். அந்த ‘மறக்காமல்’தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், திடீர் மூச்சுத்திணறல், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது வந்தால் அளந்துகொண்டு உட்கார்ந்திருக்காமல் 108ஐ அழையுங்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் 180/120 காட்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளந்து, அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் கடித்து வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். பிரஷர் மடமடவென்று இறங்கி, அதனாலேயே பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நிறுத்திய பின் மிச்சமிருக்கும் அட்டையை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வேறு யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம். காலாவதித் தேதியைப் பார்த்துத் தனியே எடுத்துவையுங்கள். பிரஷர் எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், டோஸ், குறைக்கத் தொடங்கிய தேதி, கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதி, திரும்ப ஆரம்பிக்க வேண்டிய அளவு என்று மருத்துவர் சொன்ன எண் ஆகியவற்றை எழுதி, நோட்டு இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள்.